கறிச்சோறு வேண்டாம் என்றவன்

அத்தியாயம் 4

“எப்படியாவது எங்க வீட்டுக்காரரை ஜெயில்ல போடச் சொல்லுங்க சார்.”

வியாழக்கிழமை காலை. திருச்சி புத்தூரில் இருக்கிற எங்கள் ஆபீசின் மரப்படியை ஏறி வந்த பெண் முதலில் சொன்னது இதுதான். புருஷனைத் தேடிக் கொடு, புருஷனைப் பின்தொடர்ந்து போ, புருஷனிடமிருந்து காப்பாற்று என்றெல்லாம் எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். ஜெயிலில் போடு என்று கேட்டவர் இவர் ஒருத்தர்தான்.

“அவ்வளவு கோபமாம்மா அவர் மேல?” என்றேன்.

நான் பிச்சமுத்து. துப்பறியும் செல்லக்கண்ணுவிடம் உதவியாளன். அவர் யோசிக்கும்போது குறுக்கே பேசாமல் இருக்கத்தான் எனக்குச் சம்பளம். அந்த ஒன்றைத் தவிர மற்ற வேலையெல்லாம் ஒழுங்காகச் செய்வேன்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பிடியில் நாற்காலி ஆடியது.

“பிச்சை, வாயை மூடிட்டு தண்ணி கொண்டு வா,” என்றார் செல்லக்கண்ணு. “உட்காருங்கம்மா. யாரு நீங்க, என்ன நடந்துச்சு, முதல்லேர்ந்து சொல்லுங்க.”

பெயர் லூர்துராணி. புருஷன் இன்னாசிராஜ், எலெக்ட்ரிக் வயர்மேன். போன வாரம் ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் ஒரு மிராசுதார் வீட்டு மாடியில் லைட்டு மாட்டினார். மறுநாள் அந்த வீட்டில் வைர அட்டிகையைக் காணோம்.

“நேத்து சாம்பல் புதன் சார். ரெண்டு பேரும் காலைப் பூசைக்குப் போனோம். முடிஞ்சதும் நான் வீட்டுக்கு வந்துட்டேன். அவர் அப்படியே சைக்கிள்ல ஸ்ரீரங்கத்துக்கு வேலைக்குக் கிளம்பினாரு. நேத்து ஒரு சந்தி, மத்தியானம் ஒரு வேளைச் சாப்பாடுதான், கறி தொடக் கூடாது. ரசம் வச்சுட்டுக் காத்திருந்தேன். வரல. காவேரிப் பாலத்துக்கிட்ட சைக்கிள் மட்டும் கெடந்துச்சு.”

“யாராவது பார்த்தாங்களா?”

“இல்ல சார். ஆனா அதுக்கு முந்தின நாள் சாயங்காலம் கல்மேட்டு ஸ்டேஷன்லேர்ந்து ஒரு போலீஸ்காரர் வந்து, காலைல எந்த வழியா வேலைக்குப் போவான்னு கேட்டுட்டுப் போனாரு. நேத்து ராத்திரி நான் அந்த ஸ்டேஷனுக்குப் போனேன். அப்படி யாருமே இங்க இல்லைன்னு இன்ஸ்பெக்டர் சொல்லிட்டாரு.” குரல் இறங்கியது. “உள்ளேர்ந்து இருமற சத்தம் கேட்டுச்சு சார். பதினாலு வருஷமா கேக்கற இருமல்.”

நான் தண்ணீர் டம்ளரை அவர் கையில் கொடுத்தேன்.

“எங்க தெரு சின்னையனையும் ஐப்பசி மாசம் அதே ஸ்டேஷன்லதான் வச்சிருந்தாங்க. அப்பவும் இல்லவே இல்லைன்னாங்க. அப்புறம் கிணத்துல குதிச்சிட்டான்னு சொல்லிக் குடுத்தாங்க. ஜெயில்ல டாக்டர் இருப்பாரு. காலைலயும் சாயங்காலமும் தலை எண்ணுவாங்க. இங்க யார் சார் எண்ணுறது? இல்லாத ஆளை யாரு எண்ணுவாங்க?”

செல்லக்கண்ணு எழுந்து மூலையில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு கறுப்புக் கோட்டை எடுத்தார். அவர் பி.எல். படித்தவர், வக்கீலாகப் பதிவும் செய்தவர். கட்சிக்காரர்கள் வராததால் துப்பறிய வந்தவர். கோட்டு முழுக்க அந்துருண்டை வாசனை.

“இதைப் பாத்தா கோர்ட்டே தும்முமே சார்,” என்றேன்.

“தும்மட்டும். பிடிச்ச ஆளை இருபத்திநாலு மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னால நிறுத்தணும். அரசியல் சட்டத்துலயே எழுதியிருக்கு. அதுக்கு மேல அவர் உத்தரவில்லாம ஒரு நிமிஷம் வச்சுக்கக் கூடாது. அவர் உத்தரவு போட்டாலும் மொத்தமா பதினஞ்சு நாளைக்கு மேல போலீஸ் கையில விட முடியாது.”

“பதினஞ்சு நாளா?” லூர்துராணியின் முகம் வெளுத்தது. “சின்னையன் மூணு நாள்தான் சார் தாங்கினான்.”

“அந்த இருபத்திநாலு மணிக்குப் பயந்துதான் அவங்க இல்லைங்கறாங்க. இன்னிக்குப் பிடிச்சேன்னு சொல்லிட்டா நேத்து கணக்குல வராது. நேத்தே அங்க இருந்தாருன்னு நாம காட்டணும்.”

“எப்படி சார் காட்டறது? ஸ்டேஷன் சுவரு சாட்சி சொல்லுமா?” என்றேன்.

“இல்லாத ஆளு இருமலாம் பிச்சை. சாப்பிட முடியுமா?”

*

கல்மேட்டு ஸ்டேஷனுக்கு எதிரே ஒரே ஒரு ஹோட்டல். ஹபீபுல்லா பாய் நடத்துவது. ஸ்டேஷன் சாப்பாடு பூராவும் அங்கிருந்துதான் போகும் என்பது கல்லாப்பெட்டிக்கு மேலே அவர் மாட்டியிருந்த முகத்திலேயே தெரிந்தது. போலீசுக்குச் சோறு போடுகிறவர்களுக்கென்று ஒரு முகம் இருக்கிறது. பாதி மரியாதை, பாதி வயிற்றெரிச்சல்.

மத்தியானத் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. கூட்டம் இல்லை. எனக்கு மட்டும் முதுகுப் பக்கம் கூட்டமாக இருப்பதுபோல் இருந்தது. திரும்பினால் ஸ்டேஷன் வாசல்.

“பாய், ரெண்டு டீ,” என்றார் செல்லக்கண்ணு. டீ வந்ததும் சாதாரணமாகக் கேட்டார். “நேத்து மத்தியானம் எதிர்ப்பக்கத்துலேர்ந்து ஒரு சாப்பாடு திரும்பி வந்துச்சாமே?”

ஹபீபுல்லாவின் கை கண்ணாடி டம்ளர் மேலேயே நின்றது.

“யார் சொன்னாங்க?”

“யாரும் சொல்லல. வந்துச்சா?”

பாய் வாசலைப் பார்த்தார். பிறகு டேபிளைத் துடைக்கிற சாக்கில் குனிந்தார். “போலீஸ்காரரு வந்து சிரிச்சாரு தம்பி. உள்ள ஒருத்தன் கறிச்சோறு வேண்டாங்கறான், நோன்பு மாதிரி ஏதோ சொல்றான்னாரு. அடி வாங்கிட்டுக் கெடக்கான், இதுல விரதம் வேறன்னாரு. எனக்கு மனசு கேக்கல. நோன்பு புடிக்கிறவன் எவனா இருந்தா என்ன? ஹோட்டல்ல ரசம் கெடையாது. வீட்லேர்ந்து கொண்டாரச் சொல்லி, சோத்துல நானே ஊத்திக் குடுத்தேன்.”

எனக்குள் பட்டாசு வெடித்தது. இன்னாசிராஜ் நேற்று மத்தியானம் அங்கேதான் இருந்திருக்கிறார். இருந்தார், உயிரோடு இருந்தார், ரசஞ்சோறும் சாப்பிட்டார்.

“பாய், இதைக் கோர்ட்ல வந்து சொல்லணும்,” என்றார் செல்லக்கண்ணு.

பாய் வாயைத் திறப்பதற்குள் வெளியே ஒரு ஜீப் நின்றது.

இன்ஸ்பெக்டர் தர்மராஜ் உள்ளே வந்தார். நெற்றியில் மூன்று பட்டையாகப் பளிச்சென்று விபூதி. வேற்றூரிலிருந்து மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. எல்லா டேபிளும் காலியாக இருந்தன. எங்கள் டேபிளில்தான் வந்து உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி என் டீ டம்ளர் பக்கத்தில் வைத்தார். டம்ளரை எடுக்க நான் நீட்டிய கையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டேன்.

“துப்பறியும் செல்லக்கண்ணுதானே? கேள்விப்பட்டிருக்கேன். நீங்க பிச்சமுத்து. உறையூர்ல வீடு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆச்சே, பரவாயில்லையா?”

“பரவாயில்லை சார்,” என்றேன். என் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனது எங்கள் சொந்தக்காரர்களுக்கே தெரியாது.

“நீங்க தேடற ஆளு கெடைச்சுட்டான். இன்னிக்குக் காலைலதான் ஸ்ரீரங்கத்துல பிடிச்சேன். மத்தியானம் கோர்ட்டுக்குக் கொண்டு போறேன். பதினஞ்சு நாள் கேக்கப் போறேன்.” அவர் குரலை உயர்த்தவே இல்லை. “பாய், உங்க ஹோட்டலுக்கு லைசென்ஸ் புதுப்பிக்கற மாசம் இதுதானே?”

“ஆமாங்க,” என்றார் ஹபீபுல்லா.

“பாத்து நடந்துக்குங்க. இந்தத் தெருவுல சுகாதாரம் சரியில்லைன்னு ரொம்ப புகார்.”

தொப்பியை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போனார். பாய் எங்கள் டேபிளிலிருந்து டம்ளர்களை எடுத்தார்.

“எனக்கு மூணு பொண்ணு தம்பி. நான் ஒண்ணும் சொல்லல. நீங்களும் ஒண்ணும் கேக்கல. டீக்குக் காசு வேணாம். போயிட்டு வாங்க.”

தெருவில் இறங்கியதும் மெதுவாகச் சொன்னேன். “சார், பேரைப் பாத்தீங்களா? தர்மராஜ். எருமைக்குப் பதிலா ஜீப்பு.”

செல்லக்கண்ணு கோர்ட்டுப் பக்கம் நடந்தார். என் ஜோக்குக்கு அவர் எரிச்சல்படாத அன்றுதான் நான் நிஜமாகப் பயந்தேன். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு சாட்சி. அதுவும் டம்ளரைக் கழுவப் போய்விட்டது.

*

கோர்ட்டு ஹாலில் காற்றாடி சுற்றுகிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தது. மாஜிஸ்ட்ரேட் ஸ்ரீரங்கத்துக்காரர், நெற்றியில் மெல்லிய ஒற்றைச் சிவப்புக் கோடு. லூர்துராணி பின்வரிசை பெஞ்சில், முந்தானைக்குள் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இன்னாசிராஜைக் கொண்டுவந்தார்கள். கையைப் பின்னால் கட்டி விலங்கு. நிற்கும்போது ஒரு பாதத்தை மட்டும் தரையில் வைக்காமல் தூக்கிக்கொண்டே நின்றார். முகமெல்லாம் வேர்வை காய்ந்த உப்பு. நெற்றியில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஈஷியிருந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு சத்தம், பாதியில் நின்றது. லூர்துராணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார்.

“இன்னிக்குக் காலைல ரங்கா ரங்கா கோபுர வாசல்ல வச்சு இவனைப் பிடிச்சோம் யுவர் ஆனர். அட்டிகையை எங்க மறைச்சு வச்சிருக்கான்னு விசாரிக்கணும். பதினஞ்சு நாள் போலீஸ் காவல் வேணும்.”

“கோவில் வாசல்லயா?” என்றார் மாஜிஸ்ட்ரேட்.

“ஆமா சார். கூட்டத்தோட கலந்து தப்பிக்கப் பாத்தான். பெரிய கேடி. பேரு இன்னாசிராஜ், மாதா கோவிலுக்குப் போறவன். ஆனா நெத்தியைப் பாருங்க. விபூதி பூசி இந்துவா வேஷம் போட்டிருக்கான். நீங்களே பாக்கணும்னுதான் முகத்தைக் கூடக் கழுவ விடாம அப்படியே கொண்டாந்திருக்கேன்.”

ஹாலில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. வேஷம் போட்ட திருடன் என்றால் பதினைந்து நாள் நிச்சயம். நான் செல்லக்கண்ணுவைப் பார்த்தேன்.

அவர் கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். காலையிலிருந்து முதல் தடவையாக அவர் முகத்தில் ரத்தம் ஓடியது.

“யுவர் ஆனர், எதிரி இன்னாசிராஜ் தரப்புல நான் ஆஜராகறேன். இன்ஸ்பெக்டர் இவ்வளவு கவனமா ஒரு சாட்சியத்தைப் பாதுகாத்துக் கொண்டு வந்ததுக்கு முதல்ல நன்றி சொல்லணும்.”

தர்மராஜ் திரும்பிப் பார்த்தார்.

“ரங்கநாதர் கோவிலுக்கு வேஷம் போட்டுப் போற கேடி, திருமண் இட்டுக்கிட்டுப் போவான். விபூதியைப் பூசிட்டுப் போவானா? திருச்சியில பொறந்து வளந்தவனுக்கு அது கூடவா தெரியாது?”

மாஜிஸ்ட்ரேட்டின் விரல் அவரையும் அறியாமல் தன் நெற்றிக்குப் போய் வந்தது. உதட்டோரம் லேசாகத் துடித்தது.

“விபூதின்னு சொல்றாரே, இன்ஸ்பெக்டர் நெத்தியில இருக்கற மாதிரி பட்டையா இருக்கா? கிட்டக் கூப்பிட்டுப் பாக்கணும்னு கேட்டுக்கறேன்.”

இன்னாசிராஜை மேடைக்கு அருகில் கொண்டுபோனார்கள். மாஜிஸ்ட்ரேட் கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு குனிந்தார்.

“மேலேர்ந்து கீழ ஒரு கோடு. குறுக்க ஒரு கோடு. கலைஞ்சிருக்கு.” நிமிர்ந்தார். “சிலுவைன்னா இது?”

“நேத்து சாம்பல் புதன் யுவர் ஆனர். வருஷத்துல ஒரு நாள், சாமியார் கட்டை விரலால நெத்தியில வைக்கிற சாம்பல். எதிரி வேஷம் போடல. நேத்துக் காலைப் பூசைக்குப் போனாரு. அதுக்கப்புறம் முகம் கழுவ அவருக்குக் கை கெடைக்கல.”

இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்தேன். ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்தில் அவர் அந்தச் சாம்பலைத் தன் கையாலேயே துடைத்துவிட எவ்வளவு வேண்டுமானாலும் கொடுத்திருப்பார். ஆனால் ஆள் சாமர்த்தியசாலி. உடனே சுதாரித்துக்கொண்டார்.

“இருக்கட்டும் சார். நேத்து வச்சதாவே இருக்கட்டும். முகம் கழுவாம ஊரெல்லாம் சுத்திட்டு இன்னிக்கு மாட்டிக்கிட்டான். நேத்தே எங்ககிட்ட இருந்தான்னு இதுல எங்க இருக்கு?”

“அப்ப வேஷம் இல்லைங்கறீங்க?” என்றார் மாஜிஸ்ட்ரேட்.

“அது வந்து...”

“சரி. வக்கீல் சார், அவர் கேக்கறதும் நியாயம்தான். நேத்து இவர் போலீஸ் வசம் இருந்தார்ங்கறதுக்கு என்ன இருக்கு?”

செல்லக்கண்ணு இன்னாசிராஜ் பக்கம் திரும்பினார். “நேத்து மத்தியானம் எங்க சாப்பிட்டீங்க?”

இன்னாசிராஜ் முதலில் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். பதில் சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்று ராத்திரி எங்கே தூங்கப் போகிறோம் என்பது மட்டும்தான் தெரியவில்லை.

“ஸ்டேஷன்லங்க,” என்றார். குரல் உடைந்திருந்தது. “கறிச்சோறு குடுத்தாங்க. ஒரு சந்தி, வேணாம்னேன். அப்புறம் ரசம் ஊத்தின சோறு வந்துச்சு.”

“அத்தனையும் பொய் சார்,” என்றார் தர்மராஜ். “ஒரு சாட்சி உண்டா?”

செல்லக்கண்ணுவின் கழுத்தில் வேர்வை இறங்குவதைப் பார்த்தேன். மாஜிஸ்ட்ரேட் பேனாவை எடுத்தார்.

“அந்த ரசம் எங்க வீட்டு ரசங்க.”

வராந்தாக் கதவுப் பக்கத்தில் ஹபீபுல்லா நின்றுகொண்டிருந்தார். தலையில் தொழுகைத் தொப்பி. சட்டைக் கையால் முகத்தை ஒற்றிக்கொண்டே இருந்தார். எந்தப் பக்கமும் பார்க்காமல், மாஜிஸ்ட்ரேட்டின் மேஜைக் காலைப் பார்த்தே பேசினார்.

“ஸ்டேஷனுக்குச் சாப்பாடு குடுக்கறவன் நான். யார் மேலயும் புகார் சொல்ல வரலீங்க. உள்ள ஒருத்தர் கறி வேணாம், விரதம்னாரு. நேத்து மத்தியானம் லுஹர் தொழுகை முடிச்சு வந்து நானே ரசம் ஊத்திக் குடுத்தேன். இன்னிக்கு லுஹர் தொழுகையில நின்னேன், மனசு நிக்கல. முடிச்சுட்டு நேரா இங்க வந்துட்டேன்.”

மாஜிஸ்ட்ரேட் பேனாவைக் கீழே வைத்தார்.

“நேத்துத் தொழுகை முடிஞ்சப்ப உள்ள இருந்தார். இன்னிக்குத் தொழுகையும் முடிஞ்சாச்சு. அப்ப ஒரு நாள் கடந்தாச்சே இன்ஸ்பெக்டர்.”

தர்மராஜ் ஹபீபுல்லாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

போலீஸ் காவல் மறுக்கப்பட்டது. எதிரியைச் சப் ஜெயிலில் வைக்க வேண்டும், டாக்டர் பார்க்க வேண்டும், கோர்ட் போலீசேதான் கொண்டுபோக வேண்டும், நேற்று எந்த உத்தரவின் பேரில் வைத்திருந்தார் என்று இன்ஸ்பெக்டர் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். மாஜிஸ்ட்ரேட் எழுதி முடித்துவிட்டு, “முதல்ல அவர் கையை முன்னால விடுங்கோ,” என்றார்.

*

வராந்தாவில் வண்டிக்காகக் காத்திருந்தோம். இன்னாசிராஜ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வக்கீல் என்பதால் செல்லக்கண்ணுவைக் கிட்டே விட்டார்கள். வக்கீலின் பேனாவைத் தூக்குகிறவன் என்று சொல்லி நானும் நுழைந்துகொண்டேன்.

“தைரியமா இருங்க. அட்டிகையைப் பத்தி அவர் என்ன கேட்டாலும் இனிமே என்னை வச்சுக்கிட்டுத்தான் பதில் சொல்லணும்,” என்றார் செல்லக்கண்ணு.

இன்னாசிராஜ் மெதுவாகத் தலையை ஆட்டினார்.

“அட்டிகையைப் பத்தி அவர் கேக்கவே இல்ல சார்.”

“என்னது?”

“ஒரு தடவை கூடக் கேக்கல. மாடியில என்ன பாத்தேன்னு மட்டும்தான் கேட்டாரு. நேத்து பூரா அதே கேள்விதான்.” அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலை இன்னும் தாழ்த்தினார். “ஏணி மேல நின்னு வயர் இழுத்துக்கிட்டிருந்தேன். ஓட்டுக்கும் சுவத்துக்கும் நடுவுல சந்து. பக்கத்து ரூம்ல அந்த வீட்டு மாப்பிள்ளையோட யாரோ பேசிட்டிருந்தாங்க. குறுக்க உத்தரம், முகம் தெரியல. கீழ தரைதான் தெரிஞ்சுது. பூட்ஸு தெரிஞ்சுது.”

“எந்த மாதிரி பூட்ஸு?”

“இன்னிக்குக் கோர்ட்ல எனக்கு எதிர்ல நின்னுச்சே சார், அதே பூட்ஸு. இடது காலுல குதிகாலுக்கிட்ட கிழிஞ்சு ஒட்டுப் போட்டது. உதைக்கும்போதெல்லாம் அந்த ஒட்டைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.”

பதினைந்து நாள் ஏன் வேண்டியிருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அட்டிகையைத் தேட அல்ல. அட்டிகை எங்கே என்று தர்மராஜுக்கே தெரியும்.

“இதை இன்னும் யார்கிட்டயாவது சொன்னீங்களா?” என்றார் செல்லக்கண்ணு.

“இல்ல சார்.”

“சொல்லாதீங்க. உங்க சம்சாரத்துக்கிட்டயும் இப்ப வேணாம்.” என் பக்கம் திரும்பினார். “பிச்சை, நீ எதையும் கேக்கல.”

“எனக்குப் பிறவியிலேர்ந்தே காது மந்தம் சார்,” என்றேன்.

ஹபீபுல்லா ஹோட்டலுக்குப் போகவில்லை. பெண்களை அழைத்துக்கொண்டு துவாக்குடியில் தங்கை வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தார். திரும்பிப் பார்க்காமலே நடந்தார். அவர் பஸ் ஏறும்வரை நான் பின்னாலேயே போய் நின்றேன். அவரைக் காப்பாற்ற என்று சொன்னால் நன்றாகத்தான் இருக்கும். தனியாக நிற்கப் பயந்து போனேன் என்பதுதான் சரி.

நான் சப் ஜெயில் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வண்டி அப்போதுதான் வந்து நின்றது. இன்னாசிராஜ் நொண்டிக்கொண்டே இறங்கினார். லூர்துராணி ஓடிப்போய் ஈர முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தார். கன்னம், கழுத்து, காது என்று எல்லாம் துடைத்தார். நெற்றியை மட்டும் தொடவில்லை.

கதவு திறந்தது. அவர் உள்ளே போனார். வார்டர் கம்பிக் கதவை இழுத்துத் தாழ்ப்பாளைப் போட்டார்.

தெருவின் எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் ஒரு ஜீப் நின்றிருந்தது. இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. லூர்துராணியும் அதைப் பார்த்துவிட்டார். வார்டரிடம் போனார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, கெஞ்சுகிற குரலில் சொன்னார்.

“ஐயா, நல்லாப் பூட்டுங்கய்யா.”